அப்பத்தாவோடு கடைத்தெருவுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு வயது 69. மதுரை அண்ணா நகரில் தனியாக இருக்கிறேன். கணவர் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர்; அவர் போய் ஆறு வருடமாகிறது. மகன் குடும்பம் திருப்பரங்குன்றத்தில் இருக்கிறது, மகள் குடும்பம் பெங்களூரில். மகன் வீட்டில் 9 வயதுப் பேத்தியும் 4 வயதுப் பேரனும். மகள் வீட்டில் 11 வயதில் ஒரு பேரன். சனிக்கிழமை ஆனால் மகன் தன் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவான். லீவு விட்டால் பெங்களூர்க்காரனும் வந்து சேர்ந்துகொள்வான். இந்த மூன்று உருப்படிகளோடு நான் தெருவில் போவதைப் பார்ப்பவர்கள் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். நின்று பதில் சொல்லிக் கால் வலிக்கிறது. அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

ஒருத்தி அப்பத்தா என்கிறாள், ஒருத்தன் அம்மாச்சி என்கிறான். நீங்கள் எது?

இரண்டும்தான். மகன் பிள்ளைகளுக்கு அப்பத்தா, மகள் பிள்ளைக்கு அம்மாச்சி. எங்கள் பக்கத்தில் அப்படித்தான். மூன்றும் சேர்ந்து இருக்கும்போது சின்னவன் மட்டும் குழம்பிப்போய் "அப்பாச்சி" என்பான். அதற்கும் திரும்பிப் பார்ப்பேன்.

வீட்டில் உட்காரவைத்துக் கொஞ்சலாமே? எதற்கு வேலைக்கெல்லாம் இழுத்துக்கொண்டு அலைகிறீர்கள்?

கொஞ்சிப் பார்த்தேன். முதலில் எல்லாம் சனிக்கிழமைக்கு முன்பே எல்லா வேலையையும் முடித்து, முறுக்கு சுட்டு, கூடத்தைக் கூட்டிப் பெருக்கி, பிள்ளைகளுக்காகக் காத்திருப்பேன். வருவார்கள். முறுக்கைத் தின்பார்கள். பள்ளிக்கூடம் எப்படி இருக்கிறது என்று கேட்டால் "நல்லாருக்கு" என்பார்கள். பத்து நிமிடம். அப்புறம் "அப்பத்தா, போன் குடுங்க."

ஒரு சனிக்கிழமை மின்தடையால் முந்தின நாள் மாவு மில் ஓடவில்லை. கோதுமை டப்பாவோடு பேத்தியைக் கூட்டிக்கொண்டு போகவேண்டியதாயிற்று. போகிற வழியெல்லாம் பேசினாள். வகுப்பில் யாரோடு சண்டை, யார் இவளோடு டூ, எந்த டீச்சர் கையெழுத்து கோழி கிண்டினது மாதிரி இருக்கும், எல்லாம். எதிரெதிரே உட்கார்ந்து கேட்டபோது வராத பேச்சு, பக்கத்தில் நடக்கும்போது தானாக வந்தது. அன்றிலிருந்து வேலைகளை வேண்டுமென்றே சனிக்கிழமைக்கு ஒத்திவைக்கிறேன். என் மகனுக்கு இது தெரியாது. வெள்ளிக்கிழமை போன் செய்து "எல்லா வேலையும் முடிஞ்சுதாம்மா" என்று கேட்டால், இன்னும் இல்லையே என்று அலுத்துக்கொள்வேன்.

மாவு மில்லில் பிள்ளைகளுக்கு என்ன வேலை?

நிறைய இருக்கிறது. எங்கள் தெருப் பக்கத்து மில்லில் ஆள் வரிசையில் நிற்காது, டப்பாதான் நிற்கும். தூக்குவாளி, பிஸ்கட் டின், பழைய பெயிண்ட் வாளி, கயிறு கட்டிய மஞ்சப்பை என்று சுவரோரம் வரிசையாக. நடுவில் யாராவது டப்பாவை நுழைத்தால் அதைப் பார்த்துச் சொல்வது பேத்தியின் வேலை. "அப்பத்தா, அந்தப் பச்ச வாளி நமக்குப் பின்னாடிதான இருந்துச்சு?" என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி கேட்பாள். பச்சை வாளிக்காரம்மா சிரித்துக்கொண்டே பின்னால் நகர்த்திவிடுவார்.

மில்லுக்குப் போனால் ஒரு கேள்வியை மறக்கக்கூடாது: நமக்கு முன்னால் என்ன திரித்தார்கள்? மிளகாய்க்குப் பின்னால் கோதுமையைக் கொட்டினால் சப்பாத்தி காரமாக இருக்கும். நல்ல மில்காரர் இதற்கென்று தனித்தனி மிஷின் வைத்திருப்பார். ஒரே மிஷின்தான் என்றால் முன்னால் அரிசி ஓடியிருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் இரண்டு கை மாவை ஒதுக்கச் சொல்ல வேண்டும். இது இப்போது பேத்திக்குத் தெரியும். அவள் அம்மாவுக்குத் தெரியாது. பாக்கெட் மாவு வாங்குகிறவளுக்கு எதற்குத் தெரியவேண்டும்?

அப்புறம் மாவின் சூடு. மிஷினிலிருந்து இறங்கும் துணிக்குழாயைத் தட்டித் தட்டி டப்பாவில் விழுகிற மாவு நன்றாகச் சுடும். சின்னவன் டப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வீடு வரைக்கும் வருவான், நாய்க்குட்டியைத் தூக்கி வருகிற மாதிரி. வீட்டுக்கு வந்ததும் மூடியைத் திறந்து, பேப்பர் விரித்து, மாவைப் பரப்பி ஆறவைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துக் கட்டி பிடிக்கும், வண்டும் சீக்கிரம் வரும். பரப்பிய மாவில் மூன்று பேரும் விரலால் பெயர் எழுதுவார்கள். பெங்களூர்க்காரன் தமிழில் தன் பெயரை முதன்முதலாகத் தப்பில்லாமல் எழுதியது அந்த மாவில்தான்.

காய்கறி எங்கே வாங்குகிறீர்கள்?

உழவர் சந்தையில். எங்கள் அண்ணா நகர் சந்தைதான் தமிழ்நாட்டிலேயே முதலாவது. 1999 நவம்பர் 14-ஆம் தேதி திறந்தார்கள். என் மகளுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை, அவளைத்தான் பை தூக்க அழைத்துப் போவேன். இப்போது அவள் மகன் தூக்குகிறான்.

அடையாள அட்டை உள்ள விவசாயிகள்தான் அங்கே விற்கலாம். வாசலில் விலைப் பலகை இருக்கும். மொத்த விலைக்குக் கொஞ்சம் மேலேயும் வெளிக்கடை விலைக்குக் கீழேயும் அன்றைய விலையை எழுதியிருப்பார்கள். பேரனுக்குப் பலகையைப் படிக்கிற வேலை. தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்கிறவன் "முருங்கைக்காய்" வரை வந்து சேர்வதற்குள் எனக்குப் பின்னால் ஒரு கூட்டமே நின்றுவிடும். யாரும் திட்டியதில்லை. ஒரு பெரியவர் மட்டும் "அடுத்தது சேனைக்கிழங்குடா தம்பி, மூச்சு விட்டுட்டுப் படி" என்றார்.

வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பது, தேங்காயைக் காதருகே ஆட்டிப் பார்ப்பது, கத்தரிக்காயில் ஓட்டை தேடுவது, இதெல்லாம் சொல்லிக்கொடுத்தாயிற்று. சொல்லிக்கொடுக்காமலே கற்றுக்கொண்டது கொசுறு. காய் வாங்கி முடித்ததும் சின்னவன் கையை நீட்டுவான். கறிவேப்பிலையும் இரண்டு பச்சைமிளகாயும் விழும். நான் கேட்டால் ஒரு ஈர்க்குதான் வரும், அவன் நீட்டினால் கை நிறைய.

ஏழு மணிக்குள் போய்விடுங்கள். ஒன்பது மணிக்கு மேல் போனால் மிச்சம் இருப்பதுதான்.

பஸ்ஸில் மூன்று பிள்ளைகளோடு எப்படிப் போகிறீர்கள்? டிக்கெட் எவ்வளவு ஆகும்?

சாதாரணக் கட்டண டவுன் பஸ் என்றால் எனக்கும் பேத்திக்கும் காசில்லை. 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு அதில் இலவசம், வயது வித்தியாசம் கிடையாது. 5 வயது ஆகாத சின்னவனுக்கும் டிக்கெட் வேண்டாம். பெங்களூர்க்காரனுக்கு மட்டும் அரை டிக்கெட். முதல் தடவை கண்டக்டர் அவனிடம் மட்டும் காசு கேட்டதும் அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "இது அன்ஃபேர் அம்மாச்சி" என்றான். பேத்தி இலவச டிக்கெட்டை அவன் மூக்குக்கு நேரே ஆட்டினாள். பெரியார் பஸ் ஸ்டாண்ட் போய்ச் சேரும்வரை சண்டை.

கூட்ட நேரத்தில் ஏறமாட்டேன். ஏறும்போது சின்னவன் முதலில், நான் கடைசி. இறங்கும்போது நான் முதலில்.

ரேஷன் கடையில் கைரேகை விழாமல் திருப்பி அனுப்புகிறார்களாமே?

ஐம்பது வருடம் புளிச் சட்டியும் பித்தளைக் குடமும் தேய்த்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? கட்டைவிரலை வைத்தால் மிஷின் பேசாமல் இருக்கும். ஆனால் அதற்காகத் திரும்பி வந்துவிடக் கூடாது. விரலை ஈரத்துணியால் துடைத்து உலர்த்தி வைத்துப் பாருங்கள். பத்து விரலில் ஏதாவது ஒன்று கைகொடுக்கும். எனக்கு இடது கை மோதிர விரல். கண் கருவிழியைப் படிக்கிற கருவி வைத்திருக்கும் கடைகளும் இருக்கின்றன, கேளுங்கள். கடைக்கு வர முடியாதவர்கள் தங்களுக்குப் பதில் ஒருவரை அனுப்ப, படிவம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கலாம். 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில், வயதானவர்களின் வீட்டுக்கே பொருளைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். ஆனாலும் நான் நடக்க முடிகிறவரை நடந்தே வாங்கிக்கொள்வதாக இருக்கிறேன்.

ஒரு நாள் நான் படும் அவஸ்தையைப் பார்க்கச் சகிக்காமல் பேத்தி தன் கட்டைவிரலை நீட்டிவிட்டாள். "உன் பேரு உங்கப்பா கார்டுல இருக்கு தாயி" என்று விற்பனையாளர் சொன்னதும் அவளுக்குப் பெரிய அதிர்ச்சி. வீட்டுக்கு வந்து, "அப்ப நாம ஒரு குடும்பம் இல்லையா அப்பத்தா?" என்று கேட்டாள். கார்டு வேறு, குடும்பம் வேறு என்று சொன்னேன். அதை அவளுக்கு விளங்கவைக்க இரண்டு தோசை நேரம் பிடித்தது.

பேத்தி பெயரில் பாட்டி செல்வமகள் கணக்கு தொடங்கலாமா?

முடியாது. இது பலருக்குத் தெரியவில்லை, அதனால் விவரமாகவே சொல்கிறேன். செல்வமகள் சேமிப்புக் கணக்கை அப்பாவோ அம்மாவோ, அவர்கள் இல்லாவிட்டால் சட்டப்படியான பாதுகாவலரோதான் தொடங்க வேண்டும். பெண்ணுக்கு 10 வயது ஆவதற்குள் தொடங்க வேண்டும். முன்பு ஆசையில் தாத்தா பாட்டி தொடங்கிய கணக்குகளைப் பெற்றோர் பெயருக்கு மாற்றச் சொல்லி 2024 அக்டோபரிலிருந்து விதி வந்துவிட்டது. உங்கள் கையில் அப்படி ஒரு பாஸ்புக் இருந்தால் எடுத்துக்கொண்டு தபால் ஆபீசுக்குப் போங்கள்.

எங்கள் வீட்டில் கணக்கு மகன் பெயரில் நடக்கிறது, பணம் கட்டுவது என் கை. வருடத்துக்குக் குறைந்தது 250 ரூபாய் கட்ட வேண்டும். விட்டுப்போனால் ஒரு வருடத்துக்கு 50 ரூபாய் அபராதம். 15 வருடம் கட்டினால் போதும், 21 வருடத்தில் முதிர்வு. நான் மாதம் 500 கட்டுகிறேன். பேத்தியே சலான் எழுதுவாள். எழுத்தால் எழுதுகிற இடத்தில் "ஐநூறு" என்பதை ஒரு தடவை "ஐனூறு" என்று எழுதினாள். கவுண்டரில் இருந்தவர், என் கணவரைத் தெரிந்தவர், பேனாவை அவளிடமே கொடுத்துத் திருத்தச் சொன்னார். பையனுக்கு என்ன என்று கேட்காதீர்கள். சின்னவனுக்குப் பொன்மகன் கணக்கு இருக்கிறது, அதற்கு வருடம் குறைந்தது 500.

நவம்பர் மாதம் பென்ஷனுக்கு உயிர்ச்சான்று கொடுக்க அலைய வேண்டியிருக்கிறதே?

மத்திய அரசு பென்ஷன், குடும்ப பென்ஷன் வாங்குகிறவர்கள் நவம்பரில் கொடுக்க வேண்டும். 80 தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். ஆதாரும் பென்ஷன் உத்தரவு எண்ணும் இருந்தால் தபால்காரர் வீட்டுக்கே வந்து எடுத்துக்கொடுப்பார், கட்டணம் 70 ரூபாய். தபால்காரர் மனைவிக்குத் தபால்காரர் வந்து "நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள்" என்று சான்று கொடுப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

போன வருடம் செல்போனிலேயே முகத்தைக் காட்டி முடித்துவிட்டோம். ஜீவன் பிரமாண் செயலி, அதோடு ஆதார் முகத்தைப் படிக்கிற இன்னொரு செயலி, இரண்டும் வேண்டும். பேரன் தசரா லீவில் வந்தபோதே போனில் ஏற்றி வைத்துவிட்டுப் போனான். நவம்பரில் அவன் பெங்களூரிலிருந்து வீடியோவில் சொல்லச் சொல்ல, பேத்தி போனைப் பிடித்தாள். "கண்ணச் சிமிட்டுங்க. இப்ப இல்ல. இப்ப. அய்யோ அப்பத்தா, ரெண்டு கண்ணும்!" கல்யாண போட்டோக்காரன்கூட என்னை இவ்வளவு படுத்தியதில்லை.

பாஸ்வேர்டு, ஓடிபி எல்லாம் பிள்ளைகளிடமா விடுகிறீர்கள்?

இல்லை. போனைப் பிடிப்பார்கள், எண்ணை நான்தான் அழுத்துவேன். போனில் யார் கேட்டாலும் ஓடிபி சொல்லக் கூடாது என்று எனக்குப் பாடம் எடுத்தவனே பேரன்தான். அவனே கேட்டாலும் சொல்லமாட்டேன் என்றேன், பாஸ் போட்டான். போலீஸ் என்று சொல்லி வீடியோவில் மிரட்டினால் வைத்துவிட வேண்டும். பணம் போய்விட்டது என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் செய்ய வேண்டும். அடுப்படிச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறேன்.

கோயிலுக்குக் கூட்டிப்போனால் பிள்ளைகள் அடங்கி இருப்பார்களா?

அடங்கி இருக்க எதற்கு? மீனாட்சி கோயிலுக்குள் 2018-லிருந்து செல்போன் அனுமதி இல்லை. வெளியே கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அதனால் என் மகள் மருமகனோடு வந்தால்கூட அங்கேதான் முழு முகத்தையும் பார்த்துப் பேசமுடிகிறது.

பிள்ளைகளுக்கு அங்கே எண்ணுகிற வேலை. ஆயிரங்கால் மண்டபத்தில் ஆயிரம் தூண் கிடையாது, 985தான் என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். எண்ணியே தீருவேன் என்று நின்றார்கள். 112-இல் இருவருக்கும் கணக்கு பிசகி அடிதடி. முக்குறுணிப் பிள்ளையாரிடம் போய்ச் சமாதானம். வண்டியூர்த் தெப்பக்குளம் தோண்டும்போது கிடைத்தவர் என்று சொல்வார்கள். சதுர்த்திக்கு முக்குறுணி அரிசியில், அதாவது பதினெட்டுப் படியில், அவருக்கு ஒரே கொழுக்கட்டை. "அந்த அரிசிய எந்த மில்லுல திரிப்பாங்க, வரிசையில எத்தன டப்பா நிக்கும்?" என்று பேத்தி கேட்டாள். இதுவரை யாருக்கும் தோன்றாத கேள்வி.

மதியம் நடை சாத்திவிடுவார்கள். காலையிலேயே போய்விடுங்கள்.

வெளியே என்ன வாங்கிக் கொடுப்பீர்கள்?

சாயங்காலம் என்றால் பருத்திப்பால். சுக்கும் கருப்பட்டியும் போட்டது. பெங்களூர்க்காரன் முதலில் மூக்கைப் பொத்தினான், இப்போது இரண்டு டம்ளர் குடிக்கிறான். ஜிகர்தண்டா வருடத்தில் இரண்டு தடவை. எனக்குச் சர்க்கரை இருப்பதால் நான் சுண்டலோடு சரி.

கூட்டத்தில் பிள்ளை தொலைந்தால்?

ஒரு தடவை தொலைத்திருக்கிறேன். பூ வாங்கிக்கொண்டிருந்தேன், முழம் போடுகிற அம்மாவோடு விலை பேசின அந்த ஒரு நிமிடத்தில் சின்னவன் கையை விட்டுவிட்டான். ஐந்து நிமிடம்தான் ஆகியிருக்கும். அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றி இன்றைக்கும் மருமகளிடம் முழுதாகச் சொன்னதில்லை. நாலு கடை தள்ளி, ஒரு வளையல் கடை ஸ்டூலில் உட்கார்ந்து மிட்டாய் தின்றுகொண்டிருந்தான்.

அதற்கப்புறம் மூன்று ஏற்பாடு. சின்னவன் சட்டைப் பையில் என் போன் நம்பர் எழுதிய சீட்டு. காணாமல் போனால் தேடி ஓடாமல் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், பக்கத்துக் கடைக்காரரிடமோ போலீஸிடமோ சொல்ல வேண்டும். பெரியவர்கள் இருவருக்கும் குழந்தைகள் உதவி எண் 1098 மனப்பாடம். அப்புறம், பூ விலை பேசுவதை நிறுத்திவிட்டேன். அதனால் வாரம் பத்து ரூபாய் நஷ்டம்.

மருமகள் ஒன்றும் சொல்வதில்லையா?

சொல்லாமல் இருப்பாளா? வெயில், தூசி, படிப்பு என்று முதலில் சொன்னாள். நியாயம்தான். அதனால் கோடையில் பத்து மணிக்குள் வீடு திரும்பிவிடுவோம், தொப்பி, தண்ணீர் பாட்டில் உண்டு. பரீட்சைக்கு முந்தின வாரம் வெளியே கிடையாது. மழை பெய்தால் நத்தம் சாலை கலைஞர் நூலகத்துக்குப் போய்விடுவோம். 2023-இல் திறந்தது, பிள்ளைகளுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. அங்கே போகிறோம் என்றால் மருமகள் வாய் திறக்கமாட்டாள். போன மாதம் அவளே கொத்தமல்லி விதையும் மிளகாயும் வாங்கி அனுப்பி, "திரிச்சுட்டு வாங்க அத்தை" என்றாள்.

நீங்கள் பெங்களூர் போவதில்லையா?

வருடத்துக்கு இரண்டு தடவை. ராத்திரி என்றால் தூத்துக்குடி – மைசூரு எக்ஸ்பிரஸ், பகல் என்றால் 2024 ஆகஸ்ட் 31-இல் தொடங்கிய வந்தே பாரத். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள், எனக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. பெண்களுக்குப் பாதி டிக்கெட்டாக இருந்தது. கீழ் படுக்கை மட்டும் 45 வயது தாண்டிய பெண்களுக்கு, இடம் இருந்தால் தானாகவே கிடைக்கும். முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்னால்தான் தொடங்குகிறது, முன்பு மாதிரி 120 நாள் இல்லை. அதனால் மே மாதப் பயணத்துக்கு மார்ச்சிலேயே பேரன் காலண்டரில் வட்டம் போட்டுவிடுவான்.

அங்கே போனால் எனக்கு வேலை இல்லை. எல்லாம் பத்து நிமிடத்தில் வாசலுக்கு வந்துவிடுகிறது. மூன்றாம் நாள் நானும் பேரனும் தேடிக் கண்டுபிடித்தோம்: அவர்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் ஒரு கீரைக்காரம்மா, கன்னடம்தான் பேசுவார். எனக்கு "எஷ்டு", அதாவது எவ்வளவு, மட்டும் தெரியும். அது போதுமாக இருந்தது.

சனிக்கிழமை எங்கள் பிள்ளையையும் உங்களோடு அனுப்பலாமா?

பக்கத்து வீட்டில், எதிர் வீட்டில், மாடியில் என்று மூன்று பேர் கேட்டாயிற்று. அனுப்பலாம். காலை ஆறரைக்குக் கீழே வந்துவிட வேண்டும். பின்னால் வார் வைத்த செருப்பு, கையில் ஒரு பை, புறப்படும் முன் பாத்ரூம். மிளகாய் திரிக்கிற சனிக்கிழமை மட்டும் வேண்டாம். எங்கள் மூன்று பேர் தும்முவதே அந்த மில்காரருக்குப் போதும்.